சட்டம் எழுதாத பணி: அகிஹிதோ – மிச்சிகோ இணையரும் ஜப்பானிய முடியாட்சியும்

1. கேள்வி

1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானின் அரசமைப்புச் சட்டம் பேரரசரைப் பற்றி மிகச் சிக்கனமாகவே பேசுகிறது. முதல் பிரிவு அவரை நாட்டுக்கும் மக்கள் ஒற்றுமைக்கும் குறியீடு என்கிறது. இறையாண்மை மக்களுடையது, அவர்களின் விருப்பமே அவருடைய இடத்துக்கு அடிப்படை என்கிறது. ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது என்பது நான்காம் பிரிவு. பிரதமரை முறைப்படி நியமித்தல், சட்டங்களை வெளியிடுதல், நாடாளுமன்றத்தைக் கூட்டுதல், விருது வழங்குதல் போன்ற செயல்களை ஆறாம், ஏழாம் பிரிவுகள் எண்ணி வைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அமைச்சரவையின் ஆலோசனையும் ஒப்புதலும் தேவை. பேரரசியைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

1989 முதல் 2019 வரை நீண்ட ஹெய்செய் காலத்து முடியாட்சியை ஜப்பானியர் நினைவுகூரும்போது இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் முன்னே வருவதில்லை. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத் தரையில் மண்டியிட்டுப் பேசும் ஒரு கணவனும் மனைவியுமே நினைவுக்கு வருகிறார்கள். சட்டம் எழுதிய பணி ஒன்று. அகிஹிதோவும் மிச்சிகோவும் அறுபது ஆண்டு மணவாழ்வில் உருவாக்கிய பணி வேறொன்று. இரண்டாவது எப்படி உருவானது, அதன் பலம் எது, அது விட்டுச்சென்ற சிக்கல் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஹெய்செய் காலத்தில் குறியீட்டுப் பணியைச் சுமந்தவர்கள் இருவர். சட்டம் அறிந்தது ஒருவரை மட்டுமே. அந்தப் பணியின் வெற்றியும் இன்றைய நெருக்கடியும் இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தன என்பது என் வாதம்.

2. இதுவரையான விளக்கங்கள்

இந்த இணையரைப் பற்றிய ஆய்வுகளில் நான்கு போக்குகளைப் பிரித்துக் காணலாம். முதலாவது, அரசியல் அறிஞர் மத்சுஷிதா கெய்ச்சி 1959இல் முன்வைத்த ‘வெகுமக்கள் பேரரசு’ என்ற கருத்து. பட்டத்து இளவரசரின் திருமணத்தையொட்டி எழுந்த ஆரவாரத்தை அவர் பழைய பக்தியின் தொடர்ச்சியாகப் பார்க்கவில்லை. புதிய நடுத்தர வர்க்கமும் ஊடகமும் சேர்ந்து முடியாட்சிக்குப் புதிய அடித்தளம் அமைப்பதை அதில் கண்டார். இரண்டாவது, அமெரிக்க வரலாற்றாய்வாளர் கென்னத் ருவாஃபின் அணுகுமுறை. போருக்குப் பிந்திய மக்களாட்சியோடு முடியாட்சி இணங்கிப்போனதையும், சமூகத்தின் ஓரத்தில் இருப்பவர்கள்மீது இந்த இணையர் காட்டிய அக்கறையையும் அவர் முதன்மைப்படுத்துகிறார்.

மூன்றாவது, மரபுவாதிகளின் மறுப்பு. பேரரசரின் கடமை அரண்மனையில் சடங்குகளைச் செய்து நாட்டுக்காக வேண்டுவது. அவர் இருப்பதே போதும், ஊர் ஊராகச் செல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. 1995இல் இலக்கியத் திறனாய்வாளர் எதோ ஜுன், பேரரசர் மக்கள்முன் மண்டியிட வேண்டிய அவசியம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். நான்காவது, அரசியல் சிந்தனை வரலாற்றாளர் ஹரா தகேஷியின் விமர்சனப் பார்வை. உள்ளூர்ச் செய்தித்தாள்களைத் துருவி, ஹெய்செய் காலத்து நடைமுறைகளின் வேர் 1960களில் இவர்கள் பட்டத்து இளவரசர் இணையராக மேற்கொண்ட பயணங்களில் இருப்பதைக் காட்டியவர் அவர். ஒவ்வொரு குடிமகனோடும் நேரடியாக ஏற்படும் இந்த நெருக்கம் முடியாட்சியின் பிடியை மென்மையாக்கிய அதே வேளையில் ஆழப்படுத்தவும் செய்தது என்பது அவர் எச்சரிக்கை.

முதல் மூன்று போக்குகளும் பேரரசரை ஒற்றை ஆளாகவே வைத்துப் பேசுகின்றன. மிச்சிகோ அவற்றில் ஓர் அலங்காரம் அல்லது ஒரு தூண்டுதல். ஹராதான் இணையரை ஓர் அலகாகக் கவனித்தார். அவர் கவனித்ததைச் சட்டத்தின் பக்கமும் நீட்டிப் பார்ப்பது அவசியம் என்று தோன்றுகிறது.

3. திருமணமும் புதிய அடித்தளமும்

அகிஹிதோ 1933 டிசம்பர் 23இல் பிறந்தார். அரச வழக்கப்படி மூன்று வயதளவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரண்மனை அலுவலர்களிடம் வளர்ந்தார். போர்த் தோல்விக்குப் பின் 1946 முதல் 1950 வரை அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் எலிசபெத் கிரே வைனிங் என்ற அமெரிக்கக் குவேக்கர் பெண்மணி. டோக்கியோ தீர்ப்பாயம் தண்டித்த தோஜோ ஹிதெகி உள்ளிட்ட எழுவர் தூக்கிலிடப்பட்டது 1948இல், அவருடைய பதினைந்தாம் பிறந்த நாளன்று. தந்தை ஹிரோஹிதோவின் பெயரில் நடந்த போரின் கணக்கு மகனின் வாழ்க்கையில் எப்போதும் தீராத பாக்கியாகவே இருந்தது.

மிச்சிகோ ஷோதா 1934 அக்டோபர் 20இல் பிறந்தவர். நிஷ்ஷின் மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகள். டோக்கியோவின் திரு இருதயப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1957 ஆகஸ்டில் கருயிசாவா மலை வாசத்தலத்தின் டென்னிஸ் திடலில் இருவரும் சந்தித்தார்கள். 1958 நவம்பர் 27இல் அரச இல்ல மன்றம் திருமணத்துக்கு ஒப்புதல் தந்தது. பழைய பிரபுக் குடும்பங்கள் கொதித்தன. கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் படித்த வணிகர் மகள் பட்டத்து இளவரசியாவதை அகிஹிதோவின் தாயான பேரரசி நாகாகோவும் விரும்பவில்லை என்பதை அரண்மனை அலுவலர் இரியே சுகெமாசாவின் நாட்குறிப்பு பதிவுசெய்திருக்கிறது.

வெளியே நிலைமை நேர்மாறாக இருந்தது. 1959 ஏப்ரல் 10 அன்று நடந்த திருமண ஊர்வலத்தைத் தெருவில் நின்று பார்த்தவர்கள் 5 லட்சத்துக்கு மேல். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1.5 கோடி என்று மதிப்பிடப்பட்டது. முந்திய ஆண்டு மே மாதம் 10 லட்சமாக இருந்த என்.எச்.கே.யின் தொலைக்காட்சிச் சந்தாக்கள் திருமண மாதத்தில் 20 லட்சத்தைத் தாண்டின. இந்த எண்களை மத்சுஷிதாவின் கருத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். எனினும், ஆரவாரத்தின் ஆயுள் குறைவு. அடுத்த அறுபது ஆண்டுகளின் மதிப்பை அதைக்கொண்டு விளக்க முடியாது. திருமணத்துக்குப் பின் இருவரும் எடுத்த முடிவுகளே நீடித்தன. 1960இல் நருஹிதோ, 1965இல் ஃபுமிஹிதோ, 1969இல் சயாகோ பிறந்தபோது பிள்ளைகளை வேறு மாளிகைக்கு அனுப்பாமல் தாங்களே வளர்த்தார்கள். அரச குடும்பம் ஜப்பானிய வரலாற்றில் முதன்முறையாக, அன்றைய நகர்ப்புறக் குடும்பம் தன்னையே பார்த்துக்கொள்ளக்கூடிய வடிவத்தை எடுத்தது.

4. தரையில் அமர்ந்த பேரரசர்

1989 ஜனவரி 7இல் ஹிரோஹிதோ மறைந்தார். இரண்டு நாள் கழித்து நடந்த முதல் அவையிலேயே, அனைவரோடும் சேர்ந்து அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்ற பொருளில் அகிஹிதோ பேசினார். இதை வெறும் சம்பிரதாயமாக ஒதுக்கிவிட முடியாது. தந்தை பழைய மெய்ஜி அரசமைப்பின்கீழ் அரியணை ஏறியவர். தொடக்கம் முதலே குறியீடாக மட்டும் அரியணை ஏறிய முதல் பேரரசர் மகன்.

1991 ஜூன் 3 அன்று நாகசாகி மாகாணத்தின் உன்சென் எரிமலையிலிருந்து பாய்ந்த கொதிக்கும் சாம்பலும் வளியும் 43 பேரைக் கொன்றன. சீற்றம் அடங்காத நிலையிலேயே, ஜூலை 10 அன்று பேரரசர் இணையர் ஷிமாபாராவுக்குச் சென்றார்கள். கோட்டும் டையும் இல்லாத பேரரசர் முகாமின் தரையில் மண்டியிட்டு மக்களோடு பேசினார். பேரரசி வேறொரு பக்கம் தனியாகப் பேசிக்கொண்டு போனார். ஒருவர் பின்னால் மற்றவர் நடக்காமல் இருவரும் பிரிந்து ஆளுக்கொரு வரிசையாகச் செல்லும் இந்த முறை பிறகு நிலைத்த வழக்கமாயிற்று. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்த 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் அம்மாத இறுதியிலேயே அங்கே சென்றபோது, அரண்மனைத் தோட்டத்தில் பறித்த நார்சிசஸ் மலர்களை எரிந்துபோன நாகதா வட்டாரத்தில் மிச்சிகோ வைத்தார். 2011 மார்ச் 11 நிலநடுக்க, ஆழிப்பேரலைப் பேரழிவுக்கு ஐந்து நாள் கழித்துப் பேரரசரின் காணொளிச் செய்தி ஒளிபரப்பானது. தொடர்ந்து ஏழு வாரங்கள் இருவரும் முகாம்களுக்குச் சென்றார்கள்.

இந்தப் பயணங்களில் ஒன்றுகூட அரசமைப்பின் பட்டியலில் இல்லை. பட்டியலிட்ட அரசுச் செயல்களுக்கும் சொந்த வாழ்க்கைக்கும் நடுவே ‘பொதுச் செயல்கள்’ என்ற மூன்றாம் வகை உண்டு என்று அரசாங்கம் விளக்கம் தருகிறது. அரசமைப்பு அப்படி ஒரு வகையை அனுமதிக்கவில்லை என்று வாதிடும் சட்ட அறிஞர்களும் உண்டு. மரபுவாதிகளும் கறாரான அரசமைப்புவாதிகளும் எதிரெதிர் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் கைவைக்கிறார்கள். பேரரசர் தமக்குத் தாமே வேலை வகுத்துக்கொண்டார் என்பது இருவரின் குற்றச்சாட்டும். அது உண்மைதான். ஆனால், சட்டம் வெற்றிடமாக விட்ட இடத்தை யாராவது நிரப்பத்தான் வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில் பழைய தெய்வீகம் திரும்பி வராமல் தடுத்ததில் தரையில் அமர்ந்த அந்த உடல்மொழிக்குப் பங்குண்டு.

5. ஓரத்தில் இருந்தவர்கள்

ஆறுதல் கூறும் அரசர் என்ற தோற்றத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்பதற்குத் தொழுநோய் இல்லங்களே சான்று. 1931ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளை வாழ்நாள் முழுதும் அடைத்துவைக்க வழிசெய்தது. அதே காலத்தில் அகிஹிதோவின் பாட்டியான பேரரசி தெய்மெய் தொழுநோய்ப் பணிக்கு நன்கொடை அளித்தார். அவரது கருணை அந்தப் பிரித்துவைக்கும் கொள்கைக்கு அழகிய முகமாகப் பயன்படுத்தப்பட்டது. நோய் குணப்படுத்தக்கூடியதான பிறகும், பிரித்துவைத்தலைத் தொடர்ந்த சட்டம் 1996 வரை நீக்கப்படவில்லை. 2001இல் குமாமோத்தோ நீதிமன்றம் அரசைப் பொறுப்பாளியாக்கியது. அகிஹிதோவும் மிச்சிகோவும் 1968இல் அமாமித் தீவில் தொடங்கி 2014 வரை நாட்டிலுள்ள தேசியத் தொழுநோய் இல்லங்கள் அனைத்திலும் வாழ்ந்தவர்களைச் சந்தித்தார்கள். நோயாளிகளின் கையைப் பற்றிப் பேசியது சமூகத்தின் அருவருப்பைக் கரைத்தது. அச்சட்டத்தை ஒழித்தது நோயாளிகளின் போராட்டம். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஒகினாவாவில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. 1945 போரில் அங்கு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார். 1947இல் ஹிரோஹிதோ தம் அலுவலர் மூலம், அமெரிக்கா ஒகினாவாவை நீண்ட காலம் தன்வசம் வைத்திருக்கலாம் என்ற கருத்தை ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்குத் தெரிவித்தார்; அந்த ஆவணம் 1979இல் வெளியே வந்தது. தீவுகள் ஜப்பானிடம் திரும்பியது 1972இல். 1975 ஜூலை 17இல் பட்டத்து இளவரசர் இணையர் ஹிமெயூரி போர் நினைவிடத்தில் நின்றபோது அவர்கள்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. பயணம் நிறுத்தப்படவில்லை. இந்த இழப்பை ஒரு நாள் செயலாலோ சொல்லாலோ ஈடுசெய்ய முடியாது என்ற கருத்துப்பட அன்றிரவே அறிக்கை விட்டார் அகிஹிதோ. 2018 மார்ச் வரை மொத்தம் பதினொரு முறை இருவரும் ஒகினாவா சென்றார்கள். அவர் ஒகினாவாவின் மரபுப்பா வடிவமான ரியூகாவைக் கற்று அதில் எழுதினார்.

அந்தப் பாக்களில் ஒன்று, 1975இல் நாகோவின் ஐரகுயென் தொழுநோய் இல்லத்தில் கிடைத்த வரவேற்பைப் பற்றியது. அதற்கு இசை அமைத்தவர் மிச்சிகோ. 2019 பிப்ரவரி 24 அன்று டோக்கியோவில் நடந்த ஆட்சி முப்பதாண்டு விழாவில் ஒகினாவாவைச் சேர்ந்த பாடகர் ஒருவர் அதைப் பாடினார். அதே நாளில் ஒகினாவாவில் ஹெனோகோ அமெரிக்கத் தளக் கட்டுமானம் குறித்துக் கருத்தெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் எதிர்த்தார்கள், கட்டுமானம் தொடர்ந்தது. இந்த ஒரு நாள் குறியீட்டு முடியாட்சியின் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஒகினாவாவின் துயரை நாட்டின் நினைவில் வைத்திருக்க அந்தப் பாட்டால் முடிந்தது. ஒகினாவாவின் வாக்குக்கு மதிப்புத் தேடித்தர முடியவில்லை. அது அரசாங்கத்தின் வேலை. நெஞ்சைத் தொடும் பேரரசர் இருப்பதாலேயே செவிகொடுக்காத அரசாங்கம்மீது எழ வேண்டிய கோபம் மழுங்குகிறதா என்பது எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி.

6. போரின் நினைவு

1992 அக்டோபரில் சீனா சென்ற முதல் ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ. சீன மக்களுக்கு ஜப்பான் இழைத்த பெருந்துன்பத்துக்காகத் தம் ஆழ்ந்த துயரை அங்கே வெளியிட்டார். 2005இல் சைப்பான், 2015இல் பலாவ் நாட்டின் பெலெலியூ, 2016இல் பிலிப்பைன்ஸ் என்று போர்க்களங்களைத் தேடிச் சென்றார்கள். சைப்பானில் ஒகினாவா மக்களுக்கும் கொரியர்களுக்கும் எழுப்பிய நினைவுச் சின்னங்களில் அறிவிப்பின்றி நின்று வணங்கினார்கள். பெலெலியூவில் அமெரிக்க வீரர்களுக்கான நினைவிடத்திலும் மலர் வைத்தார்கள். 2015 ஆகஸ்ட் 15 நினைவேந்தலில் பேரரசரின் உரையில் ‘ஆழ்ந்த கழிவிரக்கம்’ என்ற பொருள் தரும் தொடர் முதன்முறையாக இடம்பெற்றது. போர்க்குற்றவாளிகளையும் சேர்த்து வழிபடும் யாசுகுனி ஆலயத்துக்குப் பேரரசராக அவர் ஒருமுறைகூடச் செல்லவில்லை.

எதிர்ப்பக்கமும் கணக்கில் வர வேண்டும். ஹிரோஹிதோவின் போர்ப் பொறுப்பைப் பற்றி அகிஹிதோ நேரடியாகப் பேசியதில்லை. தம் முன்னோரான கம்மு பேரரசரின் தாய் கொரியாவின் பெக்ஜே அரச மரபில் வந்தவர் என்பதை 2001இல் நினைவூட்டிக் கொரியாவோடு உறவுணர்வு உண்டு என்றார். ஆனால் தென் கொரியாவுக்குச் செல்ல வாய்க்கவே இல்லை. பேரரசரின் பயணங்களை முடிவுசெய்வது அமைச்சரவை. எனவே நினைவேந்தலின் வரைபடத்திலும் வெளியுறவுக் கொள்கையின் கோடுகள் இருக்கின்றன.

அமைதிக் காலப் பயணங்களிலும் இடத் தேர்வு கவனிக்கத்தக்கது. 1960இல் டில்லியில் இந்திய சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டிய அகிஹிதோ, 2013இல் பேரரசராக மீண்டும் டில்லி வந்தார். அந்தப் பயணத்தில் சென்னைக்கும் வந்த இணையர் கலாக்ஷேத்ராவுக்குச் சென்றார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான நிறுவனம் ஒன்றிலும் நேரம் செலவிட்டார்கள். உள்நாட்டில் பழகிய வழியையே அயல்நாட்டிலும் பின்பற்றினார்கள்.

7. முடிதுறப்பு: சட்டம் தடுமாறிய இடம்

2016 ஆகஸ்ட் 8 அன்று ஒளிபரப்பான காணொளி உரையில், 82 வயது அகிஹிதோ தம் பணியின் பொருளை விளக்கினார். மக்களுக்காக வேண்டுவதோடு, அவர்கள் அருகில் சென்று நின்று குரலைக் கேட்பதும் தம் கடமையென்றும், தொலைதூர ஊர்களுக்கும் தீவுகளுக்கும் சென்றதை அதன் பகுதியாகவே கருதுவதாகவும் கூறினார். உடல் தளர்ந்தால் கடமையைச் சுருக்கிக்கொள்வதோ ஆட்சிப் பொறுப்பாளரை வைப்பதோ தீர்வாகாது என்பது உட்பொருள். பதவி விலகல் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை; அரசியல் பேசக் கூடாதே.

அரச இல்லச் சட்டத்தில் முடிதுறப்புக்கு இடமில்லை. பேரரசர் இறந்தால் மட்டுமே வாரிசு வரலாம். அரசு அமைத்த ஆலோசனைக் குழுவின்முன் அந்த ஆண்டு நவம்பரில் பேசிய அறிஞர்களில், பேரரசர் வேண்டுதலோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் வாதம் தர்க்கப்படி சரியானது. சட்டம் கேட்கும் பணி கையெழுத்தும் முத்திரையும் மட்டுமென்றால் முதுமை தடையே அல்ல. பெரும்பான்மை மக்களோ அகிஹிதோ பக்கம் நின்றார்கள். சட்டம் எழுதாத பணியே உண்மையான பணி என்று அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள்.

2017 ஜூனில் நிறைவேறிய தனிச் சட்டம் இந்த ஒருவருக்கு மட்டும் வழிவிட்டது. அவர் விருப்பமே காரணம் என்று எழுதினால் நான்காம் பிரிவோடு மோதும். ஆகவே, கடமையைத் தொடர முடியாமல் போகுமோ என்ற அவரது கவலையை மக்கள் புரிந்துகொண்டு உணர்வில் பங்கேற்கிறார்கள் என்பதையே சட்டம் காரணமாகக் காட்டியது. 2019 ஏப்ரல் 30 அன்று அவர் விலகினார். 1817இல் பேரரசர் கோகாகு விலகிய பிறகு நடந்த முதல் முடிதுறப்பு அது. அதிகாரமே இல்லாத ஒருவரின் பத்து நிமிட உரை நாடாளுமன்றத்தைச் சட்டம் இயற்ற வைத்தது என்பதில் மக்களாட்சிவாதிகள் கண்ட ஆபத்து கற்பனையல்ல. நல்லவர் கையில் இருந்ததால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

8. பேரரசியின் உழைப்பு

மிச்சிகோவின் பங்கைத் துணைவியின் பங்காக மட்டும் எழுதுவது வழக்கம். சான்றுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பயணங்களில் அவர் தனியாக ஒரு வரிசையைப் பார்த்தார். குழந்தை இலக்கியத்தில் அவருக்குத் தனி இடம் உண்டு. மாதோ மிச்சியோவின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1998இல் டில்லியில் நடந்த பன்னாட்டுச் சிறார் நூல் மாநாட்டுக்குக் காணொளி வழியே முதன்மை உரை வழங்கினார். அரசமைப்புத் திருத்தம் விவாதமாகியிருந்த 2013இல், தம் பிறந்தநாள் பதிலில், மெய்ஜி காலத்துச் சாதாரண மக்கள் தாமே எழுதிய இத்சுகாய்ச்சி அரசமைப்பு வரைவைப் பாராட்டிக் குறிப்பிட்டார். சட்டத்தில் இடமே இல்லாத ஒருவருக்கு, பேரரசரால் பேச முடியாததைப் பேசச் சற்றே இடம் கிடைத்தது.

அதற்கான விலையும் அவரிடமே வசூலிக்கப்பட்டது. 1993இல் வார இதழ்கள் அரண்மனை மாற்றங்களுக்கு அவரைக் குற்றம்சாட்டித் தொடர்ந்து எழுதின. தம் 59ஆம் பிறந்த நாளன்று மயங்கி விழுந்த அவருக்குப் பல மாதங்கள் பேச்சு வரவில்லை. கணவரைத் தாக்கத் துணியாதவர்கள் மனைவியைத் தாக்கினார்கள். அடுத்த தலைமுறையிலும் இதுவே நடந்தது: ஆண் வாரிசுக்கான அழுத்தத்தின் நடுவே, நருஹிதோவின் மனைவியும் முன்னாள் வெளியுறவு அமைச்சக அலுவலருமான இளவரசி மசாகோவுக்கு 2004இல் தகவமைவுக் கோளாறு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2005இல் பெண்களும் அரியணை ஏறலாம் என்று அரசுக் குழு பரிந்துரைத்தது. 2006இல் ஃபுமிஹிதோவின் மகன் ஹிசாஹிதோ பிறந்ததும் அது கிடப்பில் போடப்பட்டது. அரச குடும்பத்துக்கு வெளியே மணந்தால் இளவரசி தன் நிலையை இழக்க வேண்டும் என்ற விதிப்படி 2005இல் சயாகோ வெளியேறினார். இன்று வரிசையில் உள்ள வாரிசுகள் மூவர், இளையவர் ஒருவரே.

9. முடிவாக

மத்சுஷிதா சொன்ன ஊடக அடித்தளம், ருவாஃப் சொன்ன மக்களாட்சி இணக்கம், ஹரா சொன்ன நுட்பமான பிடி ஆகிய மூன்றுக்கும் சான்று உண்டு. ஆனால் மூன்றையும் சாத்தியமாக்கியது ஒன்றே: பேரரசர் என்ற ஒற்றைப் பதவி முப்பது ஆண்டுகள் இருவரின் கூட்டு உழைப்பால் நடந்தது. அந்தக் கூட்டு உழைப்பை எழுதப்பட்ட பதவியாக மாற்ற ஜப்பானிய நாடாளுமன்றம் முயலவில்லை. முடிதுறப்பை ஒருவருக்கான விதிவிலக்காக்கியது. வாரிசுரிமையை ஆண்வழி ஆண்களோடு நிறுத்தியது.

2024இல் நோதோ நிலநடுக்கப் பகுதிக்குச் சென்ற இன்றைய பேரரசர் நருஹிதோவும் பேரரசி மசாகோவும் பெற்றோரின் வழியையே பின்பற்றினார்கள். அதனால் மரபு உறுதிப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அது தனிமனிதர்களின் பண்பையும் உடல்நலத்தையும் நம்பி நிற்கும் மரபு. வருகிற பேரரசர் மனமில்லாதவராக இருந்தாலும், அல்லது அதிக மனமுள்ளவராக அரசியலுக்குள் கால்வைத்தாலும், அவரை அளக்க ஜப்பானியரிடம் எழுதப்பட்ட அளவுகோல் இல்லை. அகிஹிதோவும் மிச்சிகோவும் அந்த அளவுகோலின் தேவையை முப்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். பேரரசரின் பொதுச் செயல்களுக்கு எல்லை எது, அவற்றில் பேரரசியின் இடம் எது, மகளுக்கு அந்தப் பணியில் உரிமை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டியது அரண்மனை அல்ல. இறையாண்மை உடைய மக்கள்தான்.